செல்லத்துக்கு வீட்டிலேயே பிஸ்கட்... ராகி ஓகே, புளியும் பேக்கிங் பவுடரும் வேண்டாம்!

காலை ஆறரை மணிக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போனால் இந்தக் காட்சியை நிச்சயம் பார்ப்பீர்கள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பொறை, காலடியில் வாலாட்டிக்கொண்டு ஒரு நாய். பாதிப் பொறை நமக்கு, மீதி அதுக்கு.

வீட்டுக்குள் வளர்கிற நாய்க்கும் கதை கிட்டத்தட்ட இதுதான். பொறைக்குப் பதில் குளுக்கோஸ் பிஸ்கட், அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் மகேந்திரா சிட்டிக்கோ, வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு பிடித்து ஓ.எம்.ஆர் பக்கமோ வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகிவிடுகிறது. அதுவரை வாசல் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஜீவன் ஓடி வந்து மேலே தாவும்போது, 'ஐயோ பாவம்'னு நம்ம கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஒண்ணு, ரெண்டு, அப்புறம் முழு பாக்கெட்.

குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 450 கலோரி. அதில் கால் பங்கு எடை வெறும் சர்க்கரை. 10 கிலோ எடையுள்ள ஒரு நாய்க்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது சுமார் 630 கலோரிதான். 50 கிராம் பாக்கெட் ஒன்றைப் பிரித்துப் போட்டால், அதன் ஒருநாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வழக்கமான சாப்பாடு வேறு!

'அப்போ நாமே வீட்டில் செய்து கொடுத்துடலாமே?' என்று நினைக்கிறீர்களா? தாராளமாகச் செய்யலாம். மளிகைக் கடைச் சாமான் போதும், ஒரு மணி நேர வேலை. ஆனால், வீட்டில் செய்தது என்பதாலேயே அது நாய்க்கு நல்லதாகிவிடாது. மாவில் எதைச் சேர்க்காமல் விடுகிறோம், செய்ததில் எத்தனையை எண்ணிக் கொடுக்கிறோம் என்ற ரெண்டு விஷயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ரெசிப்பியைப் பார்ப்பதற்கு முன்னால், வழக்கமாக எழும் ஒரு சந்தேகத்தை முடித்துக்கொள்வோம்.

நாய்க்கு மாவு செரிக்குமா?

'நாய் ஓநாய் வம்சம், அதுக்குக் கறிதான்'னு சொல்பவர்கள் உண்டு. 2013-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்களிடம் 2 பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் அது 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதை அந்த ஆய்வு கண்டறிந்தது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் போட்ட மிச்சத்தைத் தின்றே நாயின் வயிறு மாறியிருக்கிறது. அதனால் வேகவைத்த அரிசி, ராகி, கோதுமை எல்லாம் பெரும்பாலான நாய்களுக்குச் செரிக்கும். வேகாத மாவுதான் சிக்கல்.

நாய் பிஸ்கட்டின் தொடக்கமும் கிட்டத்தட்ட இந்த மிச்சம் மீதியில்தான் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்கும் வேலையாக லண்டன் போனவர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசும் கெட்டி பிஸ்கட்டுக்கு நாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கோதுமை, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி சேர்த்து 1860-களில் அவர் விற்ற 'டாக் கேக்'தான் இன்றைய நாய் பிஸ்கட்டுக்கெல்லாம் முன்னோடி.

அஞ்சறைப்பெட்டிக்கு லீவு விடுங்க!

நம்ம வீட்டுச் சமையலில் ருசி சேர்க்கிற பல பொருட்கள் நாய்க்கு ஆகாது. பிஸ்கட் மாவில் இவை எதுவும் வரக் கூடாது.

வெங்காயம், பூண்டு: இவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்கின்றன கால்நடை மருத்துவ நூல்கள். 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது ரெண்டு மூணு வெங்காயம். 'அவ்வளவு யார் கொடுக்கப் போறா?'னு கேட்கலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் பாதிப்பு சேரும். வதக்கினாலும், வேகவைத்தாலும், பொடியாக்கினாலும் நச்சு போகாது. பூண்டு இன்னும் வீரியமானது.

திராட்சை, உலர் திராட்சை: பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸ் உட்பட எல்லாமே ஆபத்து. சில நாய்களுக்கு சிறுநீரகமே செயலிழக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு ஆகாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், ஒன்றுகூட வேண்டாம்.

புளி: இதுதான் நம்ம ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. திராட்சையில் எந்தப் பொருள் நாயைக் கொல்கிறது என்பது ரொம்ப வருடங்களாகப் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நச்சுச் சிகிச்சை மையத்தில் இருந்த மருத்துவர்களிடம் ஒரு கேஸ் வந்தது. குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. அதற்கு வந்த அறிகுறிகள் அப்படியே திராட்சை தின்ற நாயின் அறிகுறிகள். அந்த மாவில் இருந்தது 'கிரீம் ஆஃப் டார்ட்டர்' என்ற டார்டாரிக் அமில உப்பு. அதே அமிலம்தான் திராட்சையிலும் இருக்கிறது. 2021-ல் அந்த மருத்துவர்கள் இந்தத் தொடர்பை எழுதினார்கள். 2022-ல் வந்த அடுத்த கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் பட்டியலில் சேர்ந்தன. காரணம், புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். திராட்சையைவிடப் பல மடங்கு அதிகமாக அதில் இருக்கிறது.

ஒரு சொட்டு ரசம் நக்கியதும் நாய்க்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால், 'மிச்சம் இருக்கே, வீணாகுதே'னு சாம்பார் சாதமும் புளிக்குழம்பும் பிசைந்து தினமும் வைக்கிற பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடலாம். அதில் புளியோடு வெங்காயம், பூண்டு, உப்பு எல்லாமே ஒன்றாக இருக்கிறது.

பேக்கிங் பவுடர், ஈஸ்ட்: சில பேக்கிங் பவுடர்களில் கிரீம் ஆஃப் டார்ட்டர் இருக்கும். நாய் பிஸ்கட் உப்பி வர வேண்டிய அவசியமே இல்லை, அதனால் விட்டுவிடுங்கள். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள் போனால் அங்கேயே உப்பும், ஆல்கஹாலையும் உண்டாக்கும். மாவுப் பாத்திரத்தை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

சாக்லேட், கோகோ: இதிலிருக்கும் தியோப்ரோமினை நாயால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. 10 கிலோ நாய்க்கு 10 கிராம் கோகோ பவுடரே வாந்தி, படபடப்பை வரவைக்கும்.

'சுகர் ஃப்ரீ' பொருட்கள்: சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் அபாய அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். பீனட் பட்டர் வாங்கினால் லேபிளில் 'சைலிட்டால்' அல்லது '967' என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாதிக்காய், உப்பு, சர்க்கரை, நெய் ஆகியவற்றுக்கும் இதே லீவுதான். 'வெல்லம் நல்லதுதானே?' என்றால், நாயின் உடம்புக்கு வெல்லமும் சர்க்கரையும் ஒன்றுதான்.

ராகி – பரங்கி பிஸ்கட்

இத்தனையையும் கழித்த பிறகு மிச்சமிருப்பதே ஒரு நல்ல பிஸ்கட்டுக்குப் போதும்.

தேவையானவை:

- ராகி மாவு – 150 கிராம்
- கோதுமை மாவு – 50 கிராம்
- வேகவைத்து மசித்த பரங்கிக்காய் (மஞ்சள் பூசணி) – 100 கிராம்
- முட்டை – 1
- தேங்காய் எண்ணெய் – 1 டீஸ்பூன்

செய்முறை:

1. பரங்கிக்காயைத் தோல், விதை நீக்கி ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீர்த்துப்போய் மாவு பிசுபிசுக்கும்.

2. ஆறிய விழுதோடு முட்டை, எண்ணெய் சேர்த்து அடித்து, மாவுகளைக் கொட்டிச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். ஒட்டினால் ஒரு ஸ்பூன் ராகி மாவு தூவலாம், விரிந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம்.

3. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெட்டுங்கள். பாட்டில் மூடியே போதும். இந்த அளவுக்கு 80 பிஸ்கட் வரும்.

4. ஓ.டி.ஜி-யை 160 டிகிரியில் சூடாக்கி, 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

5. அடுப்பை அணைத்துவிட்டு உடனே எடுக்காதீர்கள். அந்தச் சூட்டிலேயே இன்னும் அரை மணி நேரம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் போகும்.

முதல் தடவை நான் செய்தபோது கனமாகத் தேய்த்துவிட்டேன். வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம். ஐப்பசி மழையில், மூணாவது நாளே எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் பூஞ்சை! மொத்தமும் குப்பைக்குத்தான் போனது. மெல்லிசாகத் தேய்க்கச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஓ.டி.ஜி இல்லையா? அடிகனமான குக்கரில் கேஸ்கட், விசில் ரெண்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு இன்ச் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வையுங்கள். மூடி போட்டு 10 நிமிடம் சூடாக்கி, பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 35 நிமிடம் விடுங்கள். தட்டு உப்பைத் தொட்டால் அடி கருகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் தோசைக்கல்லில் சிறு தீயில் ரெண்டு பக்கமும் புரட்டினால் ஈரம் காய்ந்துவிடும்.

பிறந்தநாளுக்கு இட்லித் தட்டு கேக்

செல்லத்துக்குப் பிறந்தநாள் என்றால் கேக் இல்லாமலா? கிரீமும் கலரும் வேண்டாம், இட்லிப் பானை இருக்கிறது.

ராகி அல்லது கோதுமை மாவு 100 கிராம், மசித்த வாழைப்பழம் 1, நன்றாக நுரைக்க அடித்த முட்டை 1, புளிக்காத கெட்டித் தயிர் 3 டேபிள் ஸ்பூன், உப்பு போடாமல் வேகவைத்து உதிர்த்த எலும்பில்லாத சிக்கன் 50 கிராம். எல்லாவற்றையும் கலந்து இட்லித் தட்டில் ஊற்றி 15 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். 8 இட்லி வரும். ஒவ்வொன்றும் சுமார் 75 கலோரி. 10 கிலோ நாய்க்கு ஒரே ஒரு இட்லி வைத்தாலே அன்றைய ட்ரீட் கோட்டா முடிந்தது. மீதியைத் தெருவில் இருக்கும் அதன் நண்பர்களுக்குப் பங்கு போடலாம்.

எண்ணிக் கொடுங்கள்!

கால்நடை மருத்துவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு ஒன்றுதான். நாயின் ஒருநாள் கலோரியில் 10 சதவிகிதத்துக்கு மேல் ட்ரீட் போகக் கூடாது. மீதி 90 சதவிகிதம் சரிவிகிதமான முழு உணவாக இருக்க வேண்டும். பிஸ்கட் ஒருபோதும் சாப்பாட்டுக்கு மாற்று இல்லை.

மேலே சொன்ன ராகி பிஸ்கட் ஒன்றில் சுமார் 10 கலோரி. கருத்தடை செய்த, ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்குக் கணக்கு இப்படி வரும்:

- 5 கிலோ – ஒரு நாளைக்கு 3 பிஸ்கட்
- 10 கிலோ – 6 பிஸ்கட்
- 20 கிலோ – 10 பிஸ்கட்
- 30 கிலோ – 14 பிஸ்கட்

இது அதிகபட்சம்தான், இலக்கு அல்ல. வீட்டில் நாலு பேர் இருந்தால், நாலு பேரும் தனித்தனியாகக் கொடுப்பதுதான் நடக்கும். அதனால் அன்றைய கணக்கைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும்!

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று தோன்றலாம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாக, அதே உணவை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். அதிகம் தின்ற நாய்களின் சராசரி ஆயுள் 11.2 வருடம். அளவாகத் தின்றவை 13 வருடம் வாழ்ந்தன, மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட ரெண்டு வருடம்! 'ஐயோ பாவம்'னு நாம் போடும் ஒவ்வொரு பிஸ்கட்டும் அந்த ரெண்டு வருடத்திலிருந்துதான் கழிகிறது.

உங்க நாய் குண்டா, சரியான எடையா என்று பார்க்க எடை மெஷின்கூட வேண்டாம். விலா மேல் கையை வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்திப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால், கிண்ணத்தில் பாதியைக் குறைத்துவிடுங்கள்.

டப்பாவில் எத்தனை நாள்?

கடை பிஸ்கட்டில் இருக்கும் பதப்படுத்திகள் இதில் இல்லை. நம்ம புறநகர்க் காற்றில் ஈரப்பதமோ அதிகம். நன்றாகக் காய்ந்த பிஸ்கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் 3 நாள் வெளியே வைக்கலாம். ஃபிரிட்ஜில் 10 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறு சிறு கவர்களாகப் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். இட்லி கேக் என்றால் ஃபிரிட்ஜிலேயே 2 நாள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம்ம பக்கம் கரன்ட் போய்க் கிடந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஃபிரிட்ஜில் இருந்ததை 'பார்க்க நல்லாத்தானே இருக்கு'னு நாய்க்கு வைக்காதீர்கள்.

பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டுக் கொடுப்பதும் கூடாது. தானியத்திலும் வேர்க்கடலையிலும் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். சூடு பண்ணினாலும் அது முழுசாகப் போகாது. 2020-ன் கடைசியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய் உணவில் இந்த நச்சு கலந்து, 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. பாக்கெட் உணவிலேயே இந்தக் கதி என்றால், நாம் வாங்கும் மாவை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! வண்டு வைத்த ராகி, காறல் வாடை வரும் கடலை, 'நமக்கு ஆகாது, நாய்க்கு ஆகும்'னு ஒதுக்கி வைத்த மாவு... எதுவும் வேண்டாம்.

யாருக்குக் கேட்டுவிட்டுக் கொடுக்கணும்?

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை, கணைய அழற்சி உள்ள நாய்களுக்கும், குட்டிகளுக்கும், கர்ப்பமாக இருக்கும் நாய்களுக்கும் டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். ராகியில் கால்சியம் அதிகம். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சியில் சிக்கல் வரும். சிக்கன், முட்டை, பால் பொருள், கோதுமை இவற்றில் ஏதாவது ஒன்று சில நாய்களுக்கு அலர்ஜியாகலாம். முதல் நாள் ஒரே ஒரு பிஸ்கட் கொடுங்கள். ரெண்டு நாள் காது, பாதம் சொறிகிறதா, மலம் இளகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் நாட்டு வைத்தியம் ரொம்ப ஆபத்து, அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, பாக்கெட் லேபிளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். திராட்சை, புளி விஷயத்தில் முதல் நாள் வெறும் வாந்தியும் சோர்வும்தான் தெரியும். சிறுநீரகம் கெட்டது தெரிய ஓரிரு நாள் ஆகும், அப்போது தாமதமாகியிருக்கும். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரப்பாக்கத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல். ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் ராத்திரியிலும் போனை எடுக்கும் பக்கத்து டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

இன்று ராத்திரி வீடு திரும்பும்போது உங்க செல்லம் எப்படியும் ஓடி வந்து தாவத்தான் போகிறது. ஒரு ராகி பிஸ்கட்டை நாலாக உடையுங்கள். ஒரு துண்டு உட்காரச் சொல்லி, ஒன்று கைகொடுக்கச் சொல்லி, ஒன்று செயின் மாட்டும்போது, கடைசித் துண்டு தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த பிறகு. நாய் துண்டின் அளவைப் பார்ப்பதில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்றுதான் பார்க்கும். 12 மணி நேரம் அது காத்திருந்ததும் அந்த ஒரு சுற்று நடைக்காகத்தான்.